பல தெய்வம் என்னும் சொல்லும் கெடாத் தோட்டத் தெய்வங்களும்: சீகன்பால்கு நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோர், கிறித்தவர்கள் ஒரே தெய்வத்தை வணங்குவோர் என்னும் கூற்று நம் வகுப்பறைகளில் விளக்கம் வேண்டாத உண்மையாக வழங்கி வருகின்றது. இதனைக் கேட்கும் இந்து மாணவர், "இறைவன் ஒருவனே, வடிவங்கள்தாம் பல" என்று மறுமொழி கூறப் பழகியிருக்கின்றார். கிறித்தவ மாணவர் தம் பாட்டனார் வணங்கிய முனியாண்டியைப் பற்றி என்ன கூறுவதென்று அறியாமல் அமைதி காக்கின்றார். இருவருமே ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, அது எதனை அளக்கவல்லது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்ப முற்படுகின்றது. தமிழர் தெய்வங்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய தொடக்ககால நூல்களுள் முதன்மையான பர்த்தலோமேயு சீகன்பால்குவின் 'மலபார்த் தெய்வங்களின் வமிசாவளி' (1713) இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அந்நூலைத் தரங்கம்பாடியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வாசியாமல், கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களின் தோட்டங்களிலிருந்து வாசிக்கின்றோம். தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன் தமிழரும் மலாயாவுக்குப் புலம்பெயர்ந்தனர். மாரியம்மனையும் முனியாண்டியையும் உடன்கொணர்ந்த தமிழரும் புலம்பெயர்ந்தனர். ஆகவே அந்நூல் எழுப்பிய சிக்கலுக்கு நம் நாட்டிலும் தொடர்ச்சி உண்டு.

1. சொல்லின் பிறப்பு

'பல தெய்வக் கொள்கை' என்பது எந்தச் சமயத்தாரும் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. கிறித்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்து யூத அறிஞர் ஃபீலோ, புறச்சமயத்தாரின் கருத்தைக் குறிக்கக் கிரேக்கத்தில் இதற்கொத்த சொல்லை ஆண்டார். பின்னர் 1580-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் போதேன் 'பொலித்தீஸம்' என்னும் வடிவில் அதனைப் புத்துயிர்ப்பித்தார். இதற்கு மறுதலையான 'மொனோதீஸம்' அதனினும் பிற்பட்டது. 1660-இல் இங்கிலாந்தின் ஹென்றி மோர் எழுத்துகளில் அது இடம்பெறுகின்றது. ஒருவர் தம் எதிராளியைச் சுட்டும் சொல் முதலில் தோன்ற, தம்மைச் சுட்டும் சொல் அதன்பின் தோன்றிய வரலாறு இது.

இச்சொல்லின் உள்ளே எண்ணிக்கை ஒன்று பொதிந்திருக்கின்றது. தெய்வம் என்பது எண்ணத்தக்க பொருள். ஒருவர் ஒன்று என்று எண்ணுகின்றார், மற்றவர் பல என்று எண்ணுகின்றார். இருவரும் எண்ணும் பொருள் ஒரே வகையினது என்பது இதன் முற்கோள். இம்முற்கோள் நம் தோட்டத் தெய்வங்களுக்குப் பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது.

2. சீகன்பால்கு: ஒரே ஆண்டில் இரு குரல்கள்

சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். தமிழ் கற்று, 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நீதிநூல்களை ஜெர்மன் மொழியில் ஆக்கினார். 1713-இல் அவர் பெயரோடு தொடர்புடைய இரு எழுத்துகள் தோன்றின. ஒன்று, 'அக்கியானம்' எனப்படும் தமிழ்ச் சிறுநூல். தமிழரின் வழிபாட்டை அறியாமை என்று கடிந்து, அதனை விட்டு நீங்குமாறு அழைப்பது. மற்றொன்று, ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட 'வமிசாவளி'. தமிழருக்குத் தமிழில் கண்டனம் உரைத்தவர், தம் நாட்டாருக்கு ஜெர்மனில் விளக்கம் உரைத்தார். இவ்விரண்டையும் ஒருசேர நோக்காமல் அவரை வெறும் கண்டனக்காரர் என்றோ தமிழ்ப் பண்பாட்டின் புரவலர் என்றோ மதிப்பிடுவது பிழையாகும்.

'வமிசாவளி' நான்கு பகுதிகளை உடையது. முதற்பகுதி பராபரவஸ்து என்னும் முழுமுதற் பொருளைப் பற்றியது. இரண்டாம் பகுதி மும்மூர்த்திகளையும் அவர்தம் குடும்பங்களையும், மூன்றாம் பகுதி கிராம தேவதைகளையும், நான்காம் பகுதி தேவர்களையும் பற்றியன. நூலுக்கான செய்திகளை அவர் தமிழ் நூல்களிலிருந்தும், தம் வினாக்களுக்குத் தமிழர் எழுதியனுப்பிய மடல்களிலிருந்தும் திரட்டினார். தமிழர் தம் சமயத்தைத் தம் சொற்களால் விளக்கிய அம்மடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்து மிஷன் வெளியீடுகளில் இடம்பெற்றன.

நூலின் முதற்பெருமை அதன் தொடக்கத்திலேயே உள்ளது. பல தெய்வங்களைக் கொண்டாடும் மக்கள் என்று ஐரோப்பா கருதிய தமிழர், அனைத்திற்கும் மேலான ஒரே பரம்பொருளை அறிந்தவர்கள் என்பதை அவர் மறைக்காமல் பதிவுசெய்கின்றார். 'பல' என்று எழுதப் புகுந்தவர் 'ஒன்று' என்பதிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஹாலேயில் மிஷன் பணியை நெறிப்படுத்திய ஆகஸ்டு ஹெர்மன் ஃபிராங்கே இந்நூலை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர் கருத்து. கையெழுத்துப் படி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பிலிருந்து, 1867-இல் வில்ஹெல்ம் கெர்மனால் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது. 1869-இல் ஆங்கிலமாக்கம் வெளிவந்தது. அவை பதிப்பாசிரியர் கைபட்டவை. மூலத்துக்கு நெருங்கிய செம்பதிப்பை 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேனியல் ஜெயராஜ் வழங்கினார்.

நூலின் குறையும் அதன் தலைப்பிலேயே உள்ளது. வமிசாவளி என்பது குலமரம். யார் யாருக்குப் பிறந்தவர், யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்று மேலிருந்து கீழாக வரைவது. புராணத் தெய்வங்களுக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். மூன்றாம் பகுதிக்கு வந்தவுடன் மரம் ஆட்டம் காண்கின்றது. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பத்திரகாளி, பிடாரி ஆகியோரை ஆசிரியர் எப்படியேனும் மரத்தில் பொருத்த முயல்கின்றார். ஆயினும் அவரே தரும் செய்தி வேறொன்றைக் காட்டுகின்றது. இத்தெய்வங்கள் ஊரைத் தீய ஆவிகளிடமிருந்து காப்பவை என்கிறார். அஃதாவது, அவற்றின் இயல்பு பிறப்பால் அமையவில்லை, காவலால் அமைந்தது. அவர் திரட்டிய சான்று அவர் வகுத்த சட்டகத்தை மீறி நிற்கின்றது எனலாம்.

3. தோட்டத்தில் தெய்வம் நிற்கும் இடம்

கெடா மாநிலம் 1909-ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது. அதனையொட்டிய ஆண்டுகளில் தென்கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள்வழித் திரட்டப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அங்குக் குடியேறின. உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடைசெய்யும்வரை இது நீடித்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளையும் இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பையும் இத்தோட்டக் கோயில்களோடு நேர்கோட்டில் இணைத்துப் பேசுவோர் உளர். அவ்விணைப்புக்குச் சான்றில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் வழிபட்டவர் வேறு, பால்மரம் வெட்ட வந்தவர் வேறு. தோட்டத் தெய்வங்கள் அவரவர் ஊரிலிருந்து பிடிமண்ணாகவும் நினைவாகவும் நேர்ச்சையாகவும் வந்தவை.

தோட்டத்தில் வளர்ந்தோர் அத்தெய்வங்களின் இருப்பிடத்தை நன்கறிவர். லயத்தை ஒட்டி மாரியம்மன் கோயில் இருக்கும். ஆண்டுத் திருவிழா அங்கேதான் நடைபெறும். தோட்டத்தின் நுழைவிலோ காட்டோரத்திலோ ஒரு மரத்தடியில் முனியாண்டி நிற்பார். கல், சூலம், எலுமிச்சை, சுருட்டு ஆகியன அவர்க்குரியன. மதுரைவீரனும் சங்கிலிக் கருப்பனும் காவல் தெய்வங்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாச்சி. இவற்றோடு இந்நிலத்துக்குரிய டத்தோவுக்கும் சிலவிடங்களில் படையல் உண்டு. டத்தோ மலாய் முஸ்லிமாகக் கருதப்படுவதால் அவர்முன் பன்றியிறைச்சி வைக்கப்படுவதில்லை. பிறர் நிலத்தில் குடியேறியவர்கள் அந்நிலத்துக்குரியவரை மதித்து நடந்த முறை இது.

இவ்வமைப்பில் 'எத்தனை தெய்வம்' என்னும் வினா எழுவதில்லை. 'இது யாருடைய இடம்' என்னும் வினாவே எழுகின்றது. அம்மைநோய் கண்டால் மாரியம்மன். இருட்டில் காட்டுப் பாதையில் செல்கையில் முனியாண்டி. பிறந்த குழந்தைக்குப் பெரியாச்சி. இது தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோரை நிலத்தோடு இணைத்தே வைத்தது. ஒரு திணைக்குரிய தெய்வம் மற்றொரு திணையின் தெய்வத்தைப் பொய்யாக்குவதில்லை. ஆகவே 'பல தெய்வம்' என்பதனைத் தோட்டத்தைப் பொறுத்தவரை 'பல எல்லை' என்று பொருள்கொள்வது பொருத்தமாகும். பரம்பொருள் ஒன்று என்னும் நம்பிக்கைக்கு இது முரணாகாது. அந்நம்பிக்கை தோட்டத்தாரிடமும் இருந்தது. அந்தப் பரம்பொருளுக்கு எல்லை இல்லாமையால் எல்லைக் காவலுக்கு வேறொருவர் தேவைப்பட்டார்.

4. அளவுகோலை ஏற்றுக்கொண்ட மறுப்பு

கிறித்தவக் கண்டனத்துக்குத் தமிழ்ச் சைவம் அளித்த விடைகளுள் தலையாயது ஆறுமுக நாவலருடையது. பீட்டர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற நாவலர், 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். கோயில், பலிபீடம், தூபம், தூய்மை விதிகள் ஆகியன விவிலியத்திலும் உள்ளன என்பதைக் காட்டிச் சைவ வழிபாட்டை அவர் நிறுவிய திறம் போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உயிர்ப்பலி பெறும் ஊர்த் தெய்வங்களை நாவலரும் கடிந்தார். பாதிரியார் நீட்டிய கோலின் ஒரு முனையை அவர் மறுத்தார். மறுமுனையைக் கொண்டு தம்மவருள் எளியோரின் தெய்வங்களை அளந்தார்.

'சிறுதெய்வம்' என்னும் சொல் அப்பர் தேவாரத்திலேயே உண்டு. ஆகையால் இம்மதிப்பீடு முழுவதும் ஐரோப்பிய இறக்குமதி என்று கூறுதல் பொருந்தாது. பழைய உள்நாட்டுப் படிநிலைக்கு 19-ஆம் நூற்றாண்டில் புதிய வலிமை கிடைத்தது என்பதே சரியாகும். அச்சைவம் இலங்கைத் தமிழ் அலுவலர்கள் வழியாக மலாயா நகரங்களுக்கு வந்தது. 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கமும் உயிர்ப்பலியை எதிர்த்து ஆகம நெறியை வலியுறுத்தியது. 1970 ஆகஸ்டு 31-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு இறைவன்மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். 'ஒரே இறைவன், பல வடிவங்கள்' என்னும் விளக்கம் இச்சூழலில் பாடநூல் விடையாக நிலைபெற்றதில் வியப்பில்லை. விநீதா சின்ஹா சிங்கப்பூர் முனீஸ்வரன் வழிபாட்டை ஆராய்ந்த நூல் (2005) இம்மாற்றங்களையும் அவற்றினூடே மரத்தடி மரபு விடாப்பிடியாக வாழ்வதையும் காட்டுகின்றது. நம் தோட்டங்களிலும் முனியாண்டி முனீஸ்வரர் ஆனார், சுருட்டு நின்றது, சிவனோடு உறவு ஏற்பட்டது. எல்லையில் நின்றவர் வமிசாவளிக்குள் வந்துவிட்டார். சீகன்பால்கு முயன்றதை நாமே செய்து முடித்தோம்.

5. கிறித்தவ நம்பிக்கையின் உள்ளே

கிறித்தவத்தின் 'ஒன்று' எளிய எண்ணிக்கையா என்பதும் ஆராயத்தக்கது. வேறு தெய்வங்களை வணங்கலாகாது என்னும் முதற்கட்டளை, அவை இல்லை என்று கூறவில்லை; அவற்றுக்கு உன் பற்றுறுதி உரியதன்று என்றே கூறுகின்றது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் இரு விடைகள் அருகருகே உள்ளன. எட்டாம் அதிகாரத்தில் சிலை என்பது ஒன்றுமில்லை என்கிறார். பத்தாம் அதிகாரத்தில் சிலைக்குப் படைப்பது பேய்களுக்குப் படைப்பது என்கிறார். முதல் விடையின்படி முனியாண்டி வெறுங்கல். இரண்டாம் விடையின்படி முனியாண்டி உண்மையான ஆற்றல், ஆனால் தீய ஆற்றல். கெடா நகரங்களில் தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்களிடையே பரவிய பெந்தெகொஸ்தே சபைகள் பெரிதும் இரண்டாம் விடையையே பற்றுகின்றன. பேயோட்டும் செபத்தில் பழைய தெய்வம் இல்லாமற் போவதில்லை, தகுதி மாற்றப்படுகின்றது.

கடவுளைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லும் இச்சிக்கலை வெளிப்படுத்துகின்றது. நோபிலியின் மரபில் வந்த 'சர்வேசுரன்' கத்தோலிக்கரிடம் நிலைத்தது; 'பராபரன்', 'பராபரவஸ்து' என்பன 18-ஆம் நூற்றாண்டுப் புரட்டஸ்தாந்து வழக்கில் பயின்றன; 1871-ஆம் ஆண்டின் பவர் தலைமையிலான மொழிபெயர்ப்பு 'தேவன்' என்பதை நிலைநிறுத்தியது. சீகன்பால்குவின் நூலில் தேவர்கள் நான்காம் பகுதியினர், கடைநிலையினர். பலருள் ஒருவரைச் சுட்டிய சொல் ஒருவரை மட்டும் சுட்டும் சொல்லாயிற்று. அண்மைக் காலத்துப் பொது மொழிபெயர்ப்பு (1995) 'கடவுள்' என்கின்றது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அது தமிழர் சமய வழக்கில் தோய்ந்த சொல்லே. தமிழ்க் கிறித்தவம் தான் மறுத்த உலகின் சொற்களாலேயே தன் இறைவனை அழைக்க வேண்டியிருந்தது.

மூவொருமைக் கோட்பாடும் கருதத்தக்கது. தாம் மூன்று கடவுளரை வணங்கவில்லை என்று நான்காம் நூற்றாண்டிலேயே நிசா நகரத்துக் கிரகோரி தனி நூல் எழுதி விளக்க நேர்ந்தது. எண்ணிக்கையால் அளக்கப்படுவதன் இடர்ப்பாட்டைக் கிறித்தவமும் அறியும். இனி, கூலிமிலிருந்து தொலைவில்லாத புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தில் ஆண்டுதோறும் ஜூலையில் கூடும் திரளில் இந்துத் தமிழரும் சீனரும் மெழுகுவத்தி ஏந்தி நிற்பதைக் காணலாம். இந்துத் தமிழருக்கு அன்னாள் ஓர் இடத்தின் தாய். கத்தோலிக்கருக்கு அவர் மன்றாடும் புனிதர். வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் இடையே திருச்சபை வகுத்த வேறுபாடு இறையியலில் தெளிவானது. வரிசையில் நிற்போரிடையே அது அத்துணைத் தெளிவன்று.

இவ்விடத்தில் நாம் கேட்ட ஒரு கூற்றைக் குறிப்பிடுதல் தகும். கூலிம் வட்டாரத்தில் தோட்டத்திலிருந்து மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த மூதாட்டி ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன்னரே கிறித்தவராகத் திருமுழுக்குப் பெற்றவர். பழைய தோட்டத்துக்கு உடன் வந்தபோது, மரத்தடியில் செருப்போடு நின்ற பேரனை விலகி நிற்கச் சொன்னார். காரணம் வினவினோம். "நான் கும்பிடுறது இல்லங்க ஐயா. ஆனா அது அவரு எடம்" என்றார். அவர் விசுவாசத்தில் குறையுடையவர் என்று நாம் கருதவில்லை. வணக்கம் ஒருவர்க்கே உரியது, இடமோ பலர்க்குரியது. பவுலின் இரு விடைகளிலும் அடங்காத மூன்றாம் விடை அது.

6. ஓர் எச்சரிக்கை

இதுகாறும் கூறியவற்றால், பல தெய்வ வழிபாடு இயல்பிலேயே பொறையுடையது, ஒரு தெய்வ வழிபாடு இயல்பிலேயே பொறையற்றது என்னும் முடிவுக்கு வருதல் ஆகாது. யான் அஸ்மான் 'எகிப்தியனாகிய மோசே' (1997) என்னும் நூலில், பண்டைய பல தெய்வச் சமயங்களில் ஒரு நாட்டுத் தெய்வத்தை மற்றொரு நாட்டுத் தெய்வத்தின் பெயரால் பெயர்க்க இயன்றது என்றும், மெய்ச்சமயம், பொய்ச்சமயம் என்னும் பிரிவினை பிற்பட்டது என்றும் எடுத்துரைத்தார். அக்கருத்து நமக்கு ஒளி தருவது, முழுமையாகப் பொருந்துவதன்று. எல்லைத் தெய்வத்தின் எல்லை நிலத்தோடு நின்றுவிடவில்லை. சாதியிலும் அது வரையப்பட்டது. யார் கோயிலுக்குள் புகலாம், யாருக்கு முதல் மரியாதை, யார் தெய்வம் லயத்தின் எந்த மூலையில் நிற்கலாம் என்பன தோட்டத்திலும் வழக்காயிருந்தன. கோயில் நிருவாகம் பெரும்பாலும் கங்காணியின் கையிலிருந்தது. அனைவரும் ஒருவரின் பிள்ளைகள் என்று கூறிய கிறித்தவப் போதனையும், கடவுளின் பெயரால் நிகழும் இழிவைச் சாடிய திராவிட இயக்கமும் அங்குச் செவிகளைக் கண்டடைந்தமைக்கு இது காரணமாகும். கிறித்தவமும் சாதியை முற்றும் கடந்துவிடவில்லை என்பதைத் தமிழகத் திருச்சபை வரலாறு காட்டும். ஆயினும் கண்டனத்தின் நியாயத்தை மறைத்துவிட்டு மரத்தடித் தெய்வத்தை மட்டும் போற்றுவது அறிஞர் கடமையாகாது.

முடிவுரை

தொகுத்து நோக்கின், 'பல தெய்வம்' என்பது எண்ணிக்கையைப் பற்றிய சொல். தோட்டத் தெய்வங்கள் எல்லையையும் காவலையும் பற்றியவை. சீகன்பால்கு இவ்வுண்மைக்கான சான்றுகளைத் திரட்டியும் குலமரச் சட்டகத்தால் அதனை நழுவவிட்டார். அவர் நூலை அச்சேற்ற மறுத்த ஹாலேயும், அவர் மரபினருக்கு மறுப்பெழுதிய யாழ்ப்பாணமும் ஊர்த் தெய்வத்தைப் பொறுத்தவரை ஒரே தீர்ப்பையே வழங்கின.

இது ஏட்டளவிலான சிக்கலன்று. தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் கைமாறும்போது முதலில் எழும் வினா, அங்கிருப்பது கோயிலா, வெறும் கல்லா என்பதாகும். குலமரத்தில் இடம்பெற்ற தெய்வத்துக்கு மாற்றிடம் கேட்க வாய்ப்புண்டு. மரத்தடியில் நின்றவர்க்கு அவ்வாய்ப்பு அரிது. மேலும், இடத்தால் அமைந்த தெய்வத்தை இடம் மாற்றினால் எஞ்சுவது யாது என்பது அதனினும் கடினமான வினா. இவ்வினாவுக்கு விடைகாணும் பொறுப்பு இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று. அதே தோட்டத்திலிருந்து வந்த கிறித்தவர்களுக்கும் உரியது.

தமிழாசிரியர் செய்யத்தக்க சிறு செயல் ஒன்றுண்டு. 'சிறுதெய்வம்' என்னும் சொல்லைப் பாடத்தில் எதிர்கொள்கையில், யாருக்குச் சிறியது என்று மாணவரைக் கேட்கலாம். நாட்டார் வழக்காற்றியலார் அதற்கு மாற்றாக 'நாட்டார் தெய்வம்' என்னும் சொல்லை வழக்குக்குக் கொணர்ந்தமையைச் சுட்டலாம். தம் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தில் எந்தத் தெய்வம் எந்த இடத்தில் நின்றது என்று வீட்டில் மூத்தோரிடம் கேட்டெழுதி வருமாறு, இந்து மாணவரையும் கிறித்தவ மாணவரையும் ஒருங்கே பணிக்கலாம். அம்மூத்தோர் நம்மிடையே இருக்கும் காலத்திலேயே இது செய்யப்பட வேண்டும்.